பல்லி முட்டைக்கு விட்ட தண்ணீர்

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் என் மகள் எழுதித்தந்த ஒரு தாளை ஒட்டிவைத்திருந்தேன். அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கிலத்தில், பெரிய பெரிய எழுத்தில், சின்னப் பிள்ளைக்கு எழுதுவது போல எனக்கு எழுதியிருந்தாள். முட்டைகளைப் புரட்டக் கூடாது. முட்டையின் மேல் தண்ணீர் படக் கூடாது. ஒவ்வொரு நாளும் பெட்டியை நிறுக்க வேண்டும். எவ்வளவு நிறை குறைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீரை மட்டும், இளஞ்சூட்டில், ஓரத்தால் விட வேண்டும். கடைசி வரியின் கீழே மூன்று கோடு இழுத்திருந்தாள்: தேவையில்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். அந்தத் தாளை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வாசித்தேன். வாசித்துவிட்டுப் போய் மூடியைத் திறந்தேன்.

முட்டை என்றால் கோழி முட்டை இல்லை. பல்லி முட்டை. லெப்பேட் கெக்கோ என்று இங்கே சொல்வார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால், ஒரு சாண் நீளம். மகள் ஏழாம் வகுப்பில் பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்த சனியன். பல்லி மேலே விழுந்தால் தலை முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குள் வரலாம் என்கிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் ஸ்காபரோ பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே உள்ள வாடகை வீட்டில், என் சாமிப் படங்களுக்கு நேர் எதிரே, கண்ணாடித் தொட்டிக்குள் இருந்து அது என்னைப் பார்த்து இமை வெட்டும். வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை, இதற்கு இருந்தது. அதனால் அது பார்த்தால் ஆள் பார்ப்பது போலவே இருக்கும். ஏழு வருடம் நான் அதைத் திட்டினேன். ஏழு வருடம் அவள் அதோடு கதைத்தாள். என்னோடு கதைத்ததை விடக் கூடவே கதைத்தாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுடைய தகப்பன் மார்க்கம் நகரத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவரைப் பற்றி இதில் எழுத ஒன்றும் இல்லை. நான் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் பிட்டும் இடியப்பமும் அவிக்கிறேன். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் என் பிட்டு இறங்கியது, என் பிள்ளைக்கு இறங்கவில்லை. முதலில் சோற்றை விட்டாள், பிறகு பாலை விட்டாள், பிறகு மேசைக்கு வருவதையே விட்டாள். கேட்டால் கம்பஸில் சாப்பிட்டேன் என்பாள். ஒரு நாள் அவளுடைய கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது, பேப்பர் துவாயில் சுற்றிய என் பிட்டு வந்தது. ஒன்றல்ல, ஐந்தாறு பொட்டலம், காய்ந்து கல்லாக. அடிப்பதற்குக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அந்த உடம்பில் அடிக்க இடம் இல்லை. அன்று தொடக்கம் அவள் சாப்பிட்டு எழும்பியவுடன் குப்பை வாளியைக் கிளறிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவளுக்கும் அது தெரியும்.

குளிர் தொடங்கும் நேரம், ரெக்ஸ்டேலில் உள்ள ஒரு சிநேகிதியின் ஆண் பல்லியோடு தன்னுடையதைக் கொஞ்ச நாள் விட்டு எடுத்தாள். கலியாணம் பேசி முடித்த மாதிரிச் சந்தோசம் அவளுக்கு. அது இரண்டு முட்டை போட்டது. வெள்ளையாக, மெத்தென்று, என் பெருவிரல் மேல்கணு அளவு. போட்ட பிறகு அது தேறவில்லை. வால் சூம்பியது, புழுவைக் காட்டினால் முகத்தைத் திருப்பியது. எட்டாம் நாள் செத்துப்போனது. மகள் அதை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழும்பவில்லை. மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தாள். அம்புலன்ஸில் கொண்டுபோன இடத்தில், இதயம் மெதுவாக அடிக்கிறது, வீட்டுக்கு விட முடியாது என்று சொன்னார்கள். வார்டுக்குப் போகும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முட்டையைப் பாப்பீங்களோ அம்மா? பொரிக்க ஐம்பது நாள் ஆகும். அது மட்டும்தான் மிச்சம்."

"பாக்கிறன்" என்றேன். அந்த நேரம் முதலையைப் பார் என்று சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது மட்டும்தான் மிச்சம் என்று பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை சொன்னால் தாய் என்ன செய்வாள்?

பெட்டியை அவளே ஒழுங்குபண்ணி வைத்திருந்தாள். சூடு மாறாமல் இருக்க, மீன் ஐஸில் வைக்கிற மாதிரி ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி, அதற்குள் சூட்டு விரிப்பு, அதற்கு மேல் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் பெட்டி. பிளாஸ்டிக் பெட்டிக்குள் வேமிகுலைற் என்ற மினுமினுக்கும் துகள். பூச்செடிக்குப் போடுவார்களே, அது. அந்தத் துகளைத் தண்ணீரில் நனைத்துப் பிசறி, பாதி புதைத்து முட்டைகளை வைத்திருந்தாள். எது மேல்பக்கம் என்று தெரிய ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி. கோழி முட்டையைப் புரட்டலாம், இதைப் புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும். துகளின் ஈரத்தைத்தான் முட்டை தோலால் குடித்து வளரும். ஈரம் குறைந்தால் முட்டை வற்றிச் சுருங்கும். கூடினால் மூச்சு முட்டி அழுகும். இவ்வளவும் அவள் எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே ஒரு தாளில் எழுதித்தந்து, பிறகு வார்டில் இருந்தபடி போனில் சொல்லித்தந்தது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு அவளுக்குப் போன் கதைக்க விடுவார்கள். முதல் கேள்வியே "எவ்வளவு நிறை?" என்பதுதான். சமையல் தராசில் வைத்து நிறுத்து, மூடியில் ஒட்டியிருந்த வெள்ளை ஒட்டுநாடா ரேப்பில் திகதி போட்டு எழுதியதை வாசிப்பேன். அவளையும் அங்கே ஒவ்வொரு காலையிலும் நிறுத்தார்கள். இலக்கம் தெரியக் கூடாது என்று தராசில் முதுகைக் காட்டி ஏற்றி நிறுத்துவார்களாம். எனக்கும் இலக்கம் சொல்ல மாட்டார்கள். கூடியதோ குறைந்ததோ என்று தாதியிடம் கெஞ்சிப் பார்த்தேன். வயது வந்த பிள்ளை, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றாள். அவளைக் கேட்டால், "சாப்பிட்டனான் அம்மா, எவ்வளவு நிறை?" என்பாள். என் பிள்ளையின் நிறை தெரியாமல், ஒரு பல்லிப் பெட்டியின் நிறையைக் கிராம் கணக்கில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரிந்தேன். பைத்தியம் பிடிக்காமல் எப்படி இருந்தேன் என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை.

முதல் கிழமை பெட்டி ஒழுங்காக இருந்தது. இரண்டாவது கிழமை வெளியே குளிர் இறுகியது. மேல் வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அன்ரிக்கு முழங்கால் வருத்தம். வீட்டைச் சூடாக்கும் ஹீற்றைக் கூட்டும் பொத்தான் அவவின் வீட்டில். அவ கூட்டினால் எங்கள் கீழ் வீட்டுக் குழாய்களால் அனல் காற்று வரும். என் உதடு வெடித்தது, சாமிப் படத்துப் பூ ஒரு மணித்தியாலத்தில் சருகானது. பெட்டி ஒரே நாளில் நாலு கிராம் குறைந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். வலப்பக்க முட்டையில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நாலு கிராம் தண்ணீர் என்றால் ஒரு தேக்கரண்டி நிறையாது. விட்டேன். எனக்குக் காணாது போல இருந்தது. துகளை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பிட்டுக்கு மா குழைக்கும்போது பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அந்தத் துகளும் அப்படித்தான் பிடிபட்டது, அப்படித்தான் உதிர்ந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பிட்டு அவிக்கிறவளுக்கு இன்னொன்று தெரியும். அரிசிமா முதலில் குடித்த தண்ணீர் போதாமல் கொஞ்ச நேரத்தில் இன்னும் கேட்கும், அதனால் பதம் வந்த பிறகும் ஒரு கை தெளித்து மூடி வைப்போம். இருபது வருடமாக ஒவ்வொரு விடியற்காலையும் என் கை செய்கிற வேலை அது. அன்றைக்கும் கை தெளித்தது. மூளையைக் கேட்கவில்லை.

அடுத்த நாளும் தெளித்தேன். அதற்கு அடுத்த நாளும். எங்கள் வீடுகளில் அளந்து போடுகிற வழக்கம் இல்லையே. காணும் என்று கையை மறித்தால்தான் இன்னும் ஒரு அகப்பை விழும். பள்ளம் நிமிர்ந்து முட்டை பொம்மிக்கொண்டு வர, எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் பிள்ளைக்குக் கொடுத்து ஏறாத ஏதோ ஒன்று இதற்காவது ஏறுகிறது என்று நினைத்தேன். அதோடு நின்றேனா? அறையின் வறட்சிக்கு என்று இரண்டு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுபோய் வைத்தேன். கயிறு கட்டி ஈரத் துவாய்கள் தொங்கவிட்டேன். நிறை கூடிக்கொண்டு போனது. அவளிடம் போனில் குறைத்துச் சொன்னேன்.

மா குடித்தால் குடித்ததுதான். வேமிகுலைற் அப்படி இல்லை, குடித்ததை முட்டைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தேன், மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து. அதில் ஒன்று வலப்பக்க முட்டையின் மேல், பென்சில் புள்ளியிலேயே விழுந்துகொண்டிருந்தது. புள்ளி அழிந்துபோயிருந்தது. முட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். என்ன செய்தேன் தெரியுமா? அடுப்படிக்கு ஓடிப்போய் மஞ்சள்தூள் எடுத்துவந்து பூசினேன். காயத்துக்கு மஞ்சள், கறிக்கு மஞ்சள், முட்டைக்கும் மஞ்சள். இரண்டு நாளில் மஞ்சளுக்கு மேலாலும் பூஞ்சணம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அன்ரி படியால் இறங்கி வந்தா.

"என்ன பிள்ளை, கீழ என்ன நடக்குது? உங்கட யன்னல் எல்லாம் தண்ணியா வழியுது. சுவர் ஊறினால் பிறகு கழுவியும் போகாது."

"ஒண்டுமில்லை அன்ரி. காத்து வறண்டு கிடக்கு, அதுதான்."

"மகள் இன்னும் மொன்றியலிலையோ? நத்தார் லீவுக்கும் வரேல்லை."

மொன்றியலுக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். பிள்ளை சாப்பிடவில்லை என்று பிட்டுக் கடைக்காரி எப்படிச் சொல்வது? ஆனால் அன்றைக்கு அந்த அறையில், ஈரத் துவாய்களுக்கு நடுவில் நிற்க, பொய் சொல்வதற்கு என்னில் தெம்பு இல்லை.

"மொன்றியலில இல்லை அன்ரி. ஆஸ்பத்திரியில. சாப்பிடுறாள் இல்லை. ஒரு வருசத்துக்கு மேல. இதைப் பாக்கச் சொல்லிப்போட்டுப் போனவள், இதையும் நான் பழுதாக்கிப்போட்டன்."

அன்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மகளின் கட்டிலில் இருந்தா. ஆறுதல் சொல்லுவா, இல்லை கோயில் சொல்லுவா என்று நினைத்தேன். அவ ரெஜிபோம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா.

"உது பல்லி முட்டையே?"

"ஓம்."

"நான் ஹீற்றைக் குறைச்சு விடுறன். ஒரு கம்பளிச் சொக்ஸைக் கூடப் போட்டால் என்ர முழங்கால் ஒண்டும் செத்துப்போகாது. நீ முதல்ல உந்தச் சட்டியளைத் தூக்கு."

சட்டியைத் தூக்கினேன். ஆனால் வலப்பக்க முட்டைக்கு அது பிந்திவிட்டது. மூன்றாம் நாள் அது மஞ்சளாகி, இடிந்து, நாறியது. கரண்டியால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, நிலத்தில் இருந்து அழுதேன். ஒரு பல்லி முட்டைக்காக வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

அன்று ஆறு மணிக்கு அவள் கேட்டாள்.

"எப்பிடி இருக்கு?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

"ஃபோட்டோ அனுப்புங்கோ. இண்டைக்கு ஃபோனைக் கையில தந்திருக்கினம்."

முதல் கிழமை எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. கழற்றிய மூடிக்குப் பக்கத்தில் இரண்டு முட்டையும் வெள்ளை வெளேரென்று. அனுப்பினேன்.

"அம்மா, மூடியில இருக்கிற ரேப்பில ஆறு இலக்கம்தான் எழுதிக் கிடக்கு. இது ஃபெர்ஸ்ட் வீக் படம்."

படத்தைத் திரும்ப எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

"எப்ப செத்தது?"

"இண்டைக்கு. ஒண்டுதான். மற்றது இருக்கு."

"எத்தினை கிராம் தண்ணி விட்டனீங்கள்?"

"தெரியாது. கை விட்டது."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் மிக மெதுவாகக் கேட்டாள்.

"நான் சாப்பிட்டனான் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லேக்க, நீங்கள் நம்பினனீங்களோ?"

"இல்லை."

"ஓகே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் ஆறு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வார்டுக்கு எடுத்தால், அவள் கதைக்க விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். சாப்பிட்டாளா என்று கேட்டேன். அவளைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். கடையில் பிட்டு மாவுக்குள் சுடுதண்ணீரை விட்டபடியே நின்று, முழுவதையும் களியாக்கிவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தரம். முதலாளி ஏசாமல் கொட்டச் சொன்னார். என் மனதில் ஓடியது ஒன்றுதான்: அது மட்டும்தான் மிச்சம் என்று சொன்னவள். அதில் பாதியை நான் கொன்றுவிட்டேன். மற்றப் பாதியும் போனால் அவள் சாப்பிட மாட்டாள், வீட்டுக்கு வர மாட்டாள், அந்தக் கட்டிலில் இனி ஒருவரும் படுக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் அவளே போன் எடுத்தாள். குரலில் ஒன்றும் இல்லை. வேலை சொல்வதற்கு எடுத்தவள் போலக் கதைத்தாள்.

"அந்த வேமிகுலைற் முழுக்க ஊறிப்போயிருக்கும். புதுப் பெட்டி வையுங்கோ. வேமிகுலைற் நூறு கிராம், தண்ணி நூறு கிராம். ஸ்கேலில வையுங்கோ. கையால பாக்காதேங்கோ."

"ஓம்."

"முட்டையைப் புரட்டாமல் கரண்டியால தூக்கி வையுங்கோ. மூடுங்கோ. பிறகு திறக்காதேங்கோ அம்மா. கிழமைக்கு ஒருக்கா, ஒரு நிமிசம், காத்துக்கு மட்டும். மூடிக்கு வெளியால பாக்கலாம். தண்ணி நான் சொன்னால்தான் விடலாம். ப்ரொமிஸ்?"

"என்ர பிள்ளையாணை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றாள். "சும்மா ப்ரொமிஸ் எண்டு சொல்லுங்கோ."

ப்ரொமிஸ் என்றேன். அதன் பிறகு சொன்ன நிறை எல்லாம் உண்மையான நிறை. ஒரு கிராம் குறைந்தால் ஒரு கிராம் என்றேன். அவளும் சில நாள் "இண்டைக்குப் பாதிதான் சாப்பிட்டன்" என்றாள். சில நாள் "ஏலேல்லை" என்றாள். ஆனாலும் "சாப்பிட்டனான்" என்பதைக் கேட்டதை விட அது எனக்கு நல்லாயிருந்தது.

முட்டை போட்டு ஐம்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தரை மணிக்கு மூடிக்கு வெளியால் பார்த்தேன். முட்டை அமுங்கியிருந்தது. சின்னப் பள்ளம் இல்லை, ஒரு பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. பதினொன்றரைக்குப் பார்க்க இன்னும் போயிருந்தது. தோலில் வியர்வை போல நீர் துளித்திருந்தது. நிறுத்துப் பார்த்தேன், நிறை குறையவில்லை. குறையாமல் எப்படி வற்றும்? தராசு பொய் சொல்கிறது என்று நினைத்தேன். வார்டுக்கு எடுத்தேன். மத்தியானச் சாப்பாடு தொடங்கப் போகிறது, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் வரைக்கும் பிள்ளைகளைக் கூப்பிட முடியாது என்றார்கள். அவசரம் என்றேன். என்ன அவசரம் என்று கேட்டார்கள். முட்டை அமுங்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அடுப்படிக்குப் போய் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்தேன். மருந்து விடுகிற ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பினேன். அறைக்கு வந்து மூடியில் கையை வைத்தேன். ஒரு சொட்டு, ஓரத்தால், அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு சொட்டு விட்டால் தப்பிவிடும். விடாவிட்டால் என் கண்ணுக்கு முன்னால் சாகும், நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றுதான் அவளுக்குச் சொல்ல வேண்டிவரும். ஒன்றைத் தண்ணீர் விட்டுக் கொன்றேன், மற்றதைத் தண்ணீர் விடாமல் கொல்லப் போகிறேன். கடவுளே, ஒரு தாய்க்கு ஒன்றும் செய்யாமல் இருக்கிறதுதான் வேலை என்றால் அந்த வேலையை யார் பழக்கித் தருவது?

தண்ணீரைப் பூச்செடியில் பீச்சிவிட்டு, மகளின் கட்டிலில் போய் இருந்தேன். என் கைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலே இருந்தேன். கை விறைத்துப்போனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"எடுத்தனீங்களாம். என்ன அம்மா?"

"முட்டை அமுங்கிக்கொண்டு போகுது. வேர்க்குது. சாகப்போகுது பிள்ளை."

"தண்ணி விட்டீங்களோ?"

"இல்லை."

"உண்மையாவோ?"

"உண்மையா. கைக்கு மேல இருந்தன்."

"என்னது?"

"கைக்கு மேல ஏறி இருந்தனான். விட்டிடுவன் எண்டு பயத்தில."

ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

"அது சாகேல்லை அம்மா. வெளியில வாறதுக்கு முன்னம் அப்பிடித்தான் அமுங்கும். வேர்க்கும். பேப்பரில எழுத மறந்துபோனன். சொரி."

மறந்துபோனாளாம். அரை நாள் என் உயிர் போய் வந்தது, அவள் சொரி என்கிறாள். திட்ட வாயெடுத்தேன், வாயில் வந்தது அழுகைதான்.

அடுத்த நாள் வேலையால் வந்து பார்க்க, தோல் கிழிந்து வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் என் சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று, கறுப்பு மஞ்சள் பட்டையோடு, என்னைப் பார்த்து வாயைத் திறந்து கீச்சென்றது. தாய் போலவே இமை வெட்டியது. உண்மையான படம் எடுத்து, நிறையும் எழுதி அனுப்பினேன். "ஓ மை காட் அம்மா" என்று வந்தது, பின்னால் ஒரு வரி முழுக்க அழுகிற முகமும் சிரிக்கிற முகமும்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வீட்டுக்கு வர ஆறு மணித்தியாலம் அனுமதி கொடுத்தார்கள். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். குளிர் ஜக்கெற்றுக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பல்லிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நான் அவசரமாக முறைப்பாடு வைத்தேன்.

"திங்கட்கிழமை தொடக்கம் புழு வைக்கிறன். ஒண்டையும் தொடேல்லை. மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து பாக்கிறன், அப்பிடியே கிடக்கு. அஞ்சு நாள் சாப்பிடாமல் எப்பிடி உயிர் இருக்கும்?"

"அது முட்டைக்கருவை வயித்துக்குள்ள வச்சுக்கொண்டுதான் வரும். முதல் தோல் உரிச்ச பிறகுதான் பசிக்கும்." குனிந்து பார்த்தாள். "உரிச்சிட்டுது. இனிச் சாப்பிடும்."

மத்தியானம் அவளுடைய அறை மேசையிலேயே, கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில், அவளுக்குச் சாப்பாடு வைத்தேன். ஆஸ்பத்திரியில் தந்த சாப்பாட்டுத் தாளில் இருந்தபடி அளந்து ஒரு கப் பிட்டு, ஒரு முட்டைப் பொரியல், ஒரு கிளாஸ் பால். பிட்டைக் கப்பில் தட்டி மட்டமாக வழித்தேன், மேலே ஒரு துளி கூட வைக்கவில்லை. தட்டை அவளுக்கு முன்னால் வைத்தேன். பல்லிக்கு முன்னால் ஒரு மூடியில் மூன்று புழு நெளிந்தன. நான் நடுவில் நின்றேன். பல்லி அசையவில்லை. அவள் கரண்டியை எடுக்கவில்லை. பிட்டின் ஆவி குறைந்துகொண்டு வந்தது. ஆறுகிறது, சாப்பிடு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அம்மா" என்றாள், பல்லியைப் பார்த்துக்கொண்டே. "நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் அது சாப்பிடாது."

நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். பக்கவாசல் படியில் பனி கிடந்தது. பனி வாரும் மண்வெட்டியை எடுத்து அள்ளினேன். எங்கள் படியை முடித்து, அன்ரியின் படியையும் முடித்து, றோட்டு வரைக்கும் அள்ளினேன். கையுறை போட மறந்திருந்தேன். இருபது நிமிடம் இருக்கும், அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

உள்ளே வந்தபோது அவள் தன் அறையில் கட்டிலில் படுத்திருந்தாள், கண்ணாடித் தொட்டியின் பக்கம் முகத்தை வைத்து. மூடியில் இரண்டு புழுதான் இருந்தன. மேசையில் தட்டு இல்லை. கழுவி, அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்தாள். கிளாஸும் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அடுப்படியில் தனியாக நின்றேன். குப்பை வாளி காலடியில் இருந்தது. குனிந்து அதன் மூடியில் கை வைத்தேன். பனியில் விறைத்த கை, பிளாஸ்டிக் சூடாக இருப்பது போலத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். திறக்கவில்லை.